பெஞ்ச் கிரைண்டர் சோதனை: சங்கப் பிரதிநிதிக்கான வழிமுறை

பெஞ்ச் கிரைண்டர் என்பது சுழலும் கல்லால் உலோகத்தைத் தேய்க்கும் மேசை மெஷின். முதலில் அதன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுங்கள். சாவி சோதிப்பவரிடமே இருக்கட்டும்.

கல்லுக்கும் டூல் ரெஸ்டுக்கும் (தேய்க்கும் பொருளைத் தாங்கும் தகடு) இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கல்லின் மூடியில் மேலே உள்ள, நகர்த்தி அமைக்கும் நாக்குத் தகட்டுக்கு அதிகபட்சம் 6 மி.மீ. கல் தேயத் தேய இடைவெளி கூடும். பொருள் அதில் சிக்கினால் கல் உடைந்து சிதறும், விரலும் உள்ளே இழுபடும். ஒருமுறை சரிசெய்துவிட்டு மறந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. அதனால் ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் அளந்தே பாருங்கள்.

புதுக் கல்லை மாட்டுமுன் மரப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கலாம், மாட்டாதீர்கள். ஈரக் கல்லும் மந்தமாகவே ஒலிக்கும் என்பதால் காய்ந்தபின் தட்டவும். கல்லில் அச்சிட்ட ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற அதிகபட்ச வேகம்) மெஷின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. மாட்டியதும் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று 1 நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள்.

குறையை எழுத்தில் கொடுங்கள்: மெஷின் எண், தேதி, அளந்த இடைவெளி. “ஆபத்தாக உள்ளது” என்று மட்டும் எழுதினால் தட்டிக்கழிப்பார்கள், “7 மி.மீ.” என்றால் மறுக்க முடியாது. நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளிக்கு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆவது உடன்படிக்கை, அதை ஏற்றுக்கொண்ட நாடுகளில், பாதுகாப்பு தருகிறது. அப்போது அவர் பக்கத்தில் நில்லுங்கள்.