மரவாழ் டரான்டுலாவுக்குப் பெட்டி அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரத்தில் வாழும் டரான்டுலாவை முதன்முறையாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்கள். இது மழைக்காட்டுச் சிலந்தி, மழைக்காடு என்றால் ஈரம், ஆகவே பெட்டியை நன்றாக மூடி, பாசி பரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, கண்ணாடியில் ஆவி படியும்படி வைத்துக்கொண்டால் போதும் என்று. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கொஞ்ச நாளில் சிலந்தி இரை எடுப்பதை நிறுத்தும். மேலே வலைக்குள் இருக்க வேண்டியது கீழே இறங்கி மூலையில் உட்காரும். அப்புறம் ஒரு நாள் கால்கள் உடலுக்கடியில் சுருண்டு தரையில் கிடக்கும். அவிக்குலேரியா, கரிபெனா என்ற மரவாழ் டரான்டுலா வகைகளை வளர்க்கிறவர்கள் மத்தியில் இப்படிக் 'காரணமே தெரியாமல்' செத்துப்போன கதைகள் ஏராளம். அவற்றில் பலவற்றுக்குக் காரணம் பெட்டியிலேயே இருக்கிறது.

மழைக்காட்டில் இந்தச் சிலந்திகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஈரம் ஊறிய தரையில் அல்ல. அடிமரத்தின் பொந்திலும், உரிந்த பட்டைக்கு அடியிலும், இலைகளுக்கு நடுவே நூலால் பின்னிய குழாயிலும் இருக்கின்றன. மழை கொட்டினாலும் தண்ணீர் வழிந்து கீழே போய்விடுகிறது, காற்று வந்து உலர்த்திவிடுகிறது. டரான்டுலாவின் வயிற்றுக்கு அடியில் நான்கு புத்தக நுரையீரல்கள் உண்டு, புத்தகத் தாள்கள் போல அடுக்கடுக்காக இருக்கும் மூச்சுறுப்புகள் அவை. நம்மைப் போல மார்பை விரித்துக் காற்றை இழுக்கிற ஏற்பாடு அதற்கு இல்லை. சுற்றியுள்ள காற்று நல்ல காற்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். தேங்கிய ஈரக்காற்றில் பூஞ்சை வளரும், பேன் போன்ற நுண்ணிய உண்ணிகள் பெருகும், மிச்சம் கிடக்கிற இரை அழுகும். ஆகவே இந்தப் பெட்டி விஷயத்தில் முதலில் யோசிக்க வேண்டியது காற்றோட்டம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

துளை எங்கே, எவ்வளவு பெரியது

மூடியில் மட்டும் நாலு துளை போட்டுவிட்டுக் காற்றோட்டம் இருக்கிறது என்று நினைப்பதுதான் மிகப் பரவலான தவறு. மேலே மட்டும் திறப்பு இருந்தால் கீழே உள்ள ஈரக்காற்று அசையாது. ஒரு பக்கச் சுவரில் மண்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு வரிசை, எதிர்ச் சுவரில் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு வரிசை என்று போட வேண்டும். அப்போதுதான் காற்று ஒரு பக்கம் நுழைந்து குறுக்காக ஏறி மறுபக்கம் வெளியேறும்.

துளையின் அளவைச் சிலந்தியின் வயிற்றை வைத்துக் கணக்கிடக்கூடாது. வயிறு மெத்தென்று இருக்கும், நசுங்கி நுழைந்துவிடும். முன்னுடலின் மேல் ஓடுதான் கெட்டி. அது நுழையாத துளை என்றால் சிலந்தியும் நுழையாது. குஞ்சுகளுக்கு இந்த ஓடு ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும், அதனால் ஊசி முனைத் துளைகளே சரி. எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அளவைக் கூட்டாதீர்கள். பிளாஸ்டிக் டப்பாவில் சூடான கம்பியால் துளை போடுகிறவர்கள் உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும். உருகிய பிளாஸ்டிக் துளையைச் சுற்றிக் கூரான விளிம்பாக இறுகும். அந்த விளிம்பு வெளிப்பக்கம் இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. உள்பக்கம் இருந்தால், சுவரிலேயே நடந்து வாழும் பிராணிக்கு அது முள்.

'அப்படியானால் மூடியையே கம்பி வலையாகப் போட்டுவிடலாமே' என்று தோன்றும். கடையில் கிடைக்கும் ஊர்வனப் பெட்டிகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கும். பல்லிக்குச் சரி, டரான்டுலாவுக்கு ஆபத்து. அதன் ஒவ்வொரு கால் நுனியிலும் சின்னக் கொக்கி நகங்கள் உண்டு. வலையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கும்போது நகம் கண்ணியில் மாட்டிக்கொள்ளும். விடுவித்துக்கொள்ள முடியாமல் காலையே உதறிவிடும், சில சமயம் தொங்கியபடியே சாகும். வலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் துளையிட்ட அக்ரிலிக் பலகையைப் பொருத்துவது அரை மணி நேர வேலை. துணி போன்ற பிளாஸ்டிக் வலை என்றால் இரைக்கு விடுகிற சில்வண்டே கடித்து ஓட்டை போட்டுவிடும்.

காற்றோட்டம் போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. பெட்டியின் ஒரு மூலையில் மண்ணில் தண்ணீர் ஊற்றுங்கள். கண்ணாடியில் படிகிற ஆவி மறுநாளைக்குள் காணாமல் போக வேண்டும். போகவில்லை என்றால் துளை பத்தாது.

தண்ணீர்

ஈரப்பத மீட்டரைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் பல சிலந்திகளைக் கொன்றிருக்கிறது. விலை மலிவான முள் மீட்டர்கள் காட்டும் எண்ணை நம்பவே முடியாது. நல்ல மீட்டராக இருந்தாலும் அது ஒட்டியிருக்கிற இடத்தின் ஈரத்தைத்தான் சொல்லும். எண்பது சதவீதம் வர வேண்டும் என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காகத் துளைகளை டேப் போட்டு அடைப்பவர்களும் உண்டு. மீட்டரைக் கழற்றிவிடுவதே மேல் என்பது என் கட்சி.

எப்போதும் சுத்தமான தண்ணீர் நிற்கிற ஒரு சின்னப் பாத்திரம், மண்ணில் ஒரு மூலை மட்டும் ஈரம், மீதி உலர்ந்தது. வளர்ந்த சிலந்திக்கு இது போதும். ஈர மூலை முழுவதும் காய்ந்த பிறகு மறுபடி ஊற்றினால் சரி. பாத்திரத்தில் பஞ்சு வைக்கிற பழைய வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. சிலந்தி அதை உறிஞ்சாது, கிருமிதான் வளரும். பாத்திரத்தைத் தரையில் வைப்பதோடு பட்டையின் பாதி உயரத்தில் இன்னொன்றை ஒட்டி வைத்தால் மேலேயே வாழ்கிற இனங்களுக்கு வசதி.

குஞ்சுகள் விஷயம் கொஞ்சம் வேறு. உடல் சிறியது, சீக்கிரம் வறண்டுவிடும், பாத்திரம் வைக்கவும் இடமிருக்காது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வலையின் ஓரத்தில் சில துளிகள் விட்டால் அவை நூலில் தங்கும், குஞ்சு வந்து குடிக்கும். துளியைச் சிலந்தியின் மேலேயே விடாதீர்கள், மிரண்டு ஓடும். குஞ்சின் டப்பாவிலும் குறுக்குக் காற்று கட்டாயம்.

உயரமான பெட்டி, ஆனால் காலிப் பெட்டி

மரவாழ் சிலந்திக்கு அகலத்தைவிட உயரம் முக்கியம் என்பது இப்போது பலருக்கும் தெரிந்திருக்கிறது. கால்களை விரித்தால் 12 சென்டிமீட்டர் வரும் அவிக்குலேரியாவுக்கு 20 சென்டிமீட்டர் சதுரத் தரையும் 30 சென்டிமீட்டர் உயரமும் தாராளம். பொய்சிலோதீரியா என்ற இன்னொரு மரவாழ் வகையின் பெண் சிலந்திகளில் பெரியவை 18 சென்டிமீட்டரைத் தாண்டும், அவற்றுக்கு 30 சென்டிமீட்டர் தரை, 45 உயரம் பொருந்தும். ஆசைக்கு இதைவிடப் பெரியது வைப்பதில் வளர்ந்த சிலந்திக்குப் பெரிய நஷ்டமில்லை. இரண்டு சென்டிமீட்டர் குஞ்சை அதில் விட்டால்தான் வம்பு. இரை ஒரு பக்கம் ஒளியும், குஞ்சு ஒரு பக்கம் ஒளியும், அது தின்றதா, தோல் உரித்ததா, உயிரோடு இருக்கிறதா என்று எதுவுமே தெரியாது. சின்ன டப்பாவில் தொடங்கி வளர வளர மாற்றுவதுதான் வழி.

உயரம் கொடுத்துவிட்டு உள்ளே ஒரே ஒரு குச்சியை நட்டுவைப்பது அடுத்த தவறு. வழவழப்பான நாலு சுவருக்கு நடுவே நூல் கட்ட அதற்குப் பிடிப்பு வேண்டும். தென்னமெரிக்காவின் சுரினாமில் பார்த்ததை வைத்து இயற்கை ஓவியர் மரியா சிபில்லா மெரியன் 1705-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஓவியத்தில் இப்படி ஒரு சிலந்தி கொய்யாக் கிளையில் உட்கார்ந்து ரீங்காரச்சிட்டு ஒன்றைத் தின்றுகொண்டிருக்கும். சிலந்தி பறவையைத் தின்னுமா என்று பல காலம் வாதாடினார்கள். பெட்டி அமைக்கிறவர்கள் அந்தப் படத்தில் பார்க்க வேண்டியது பறவையை அல்ல, கிளையையும் இலையையும்தான்.

கார்க் பட்டை இந்த வேலைக்கென்றே படைத்தது போல இருக்கும். அழுகாது, எடை குறைவு, சொரசொரப்பு. குழாய் வடிவில் கிடைத்தால் நல்லது, வளைந்த துண்டாக இருந்தாலும் போதும். அதைச் செங்குத்தாகச் சுவரோடு அழுத்தி வைக்காமல் சற்றுச் சாய்த்து, பின்பக்கம் சிலந்தி நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு வையுங்கள். மேல் முனை மூடியை முட்டக்கூடாது. நாலைந்து சென்டிமீட்டர் கீழே நின்றால் பட்டைக்கும் கூரைக்கும் நடுவே வலை பின்னும். அடிமுனையை மண்ணுக்குள் நன்றாகப் புதைத்து, ஆட்டிப் பார்த்து, ஆடவில்லை என்று உறுதி செய்த பிறகே சிலந்தியை விட வேண்டும். சரியும் பட்டை ஒன்றே போதும் அதை நசுக்க. அவிக்குலேரியா, கரிபெனா இனங்களுக்கு மேல் மூன்றில் ஒரு பகுதியில் பிளாஸ்டிக் இலைகளை நெருக்கமாக வையுங்கள், அங்கேதான் வீடு கட்டும். இலைக்குள் இருக்கும் கம்பி முனை வெளியே நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரையில் அழகுக்காகக் கூர்ங்கல் அடுக்குவது வேண்டாம். மரத்தில் வாழ்வதாலேயே அது விழாது என்பதில்லை. விழுந்து வயிற்றின் மெல்லிய தோல் கிழிந்தால் பிழைப்பது கஷ்டம்.

கதவு எந்தப் பக்கம் என்பதைப் பலர் வாங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள். மேல்மூடி திறக்கும் பெட்டியில் சிலந்தி மூடியை ஒட்டியே வலை கட்டும். ஒவ்வொரு முறை இரை போடும்போதும் அதன் வீட்டைக் கிழித்துக்கொண்டுதான் திறக்க வேண்டியிருக்கும், அதுவும் உங்கள் கைக்கு நேரே வந்து நிற்கும். முன்பக்கக் கதவு இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. இரண்டு கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகிற கதவென்றால் நடுவே உள்ள இடுக்கை அளந்து பாருங்கள், இளம் சிலந்திக்கு அது வாசல். குஞ்சுகளுக்கு ஜாடியைத் தலைகீழாகத் திருப்பி, மூடியைத் தரையாக வைத்து, அதன்மேல் மண் போடுகிறவர்கள் உண்டு. வலை உச்சியில் இருக்கும், திறப்பது அடியில். நல்ல யோசனை.

மண்ணும் சூடும்

மரவாழ் சிலந்திக்கு மண் எதற்கு என்று வெறும் டிஷ்யூ விரிப்பது சரியில்லை. ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் தென்னை நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து மெல்ல விடும். பொய்சிலோதீரியா, சால்மோபியஸ் வகைக் குஞ்சுகள் தரையில் குழி தோண்டுவது சகஜம், அவற்றுக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் கொடுக்கலாம். செடிக்கென்று விற்கும் உரம் கலந்த கலவை, வாசனை அடிக்கிற பைன், தேவதாரு மரத்தூள் இரண்டும் கூடாது. நர்சரியில் வாங்கிய உயிர்ச்செடியின் இலையில் பூச்சிமருந்து இருக்கும். அது பூச்சியைக் கொல்லத்தான் அடித்தது, சிலந்தியையும் விட்டுவைக்காது.

சூட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 22 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்கிற அறையில் தனியாக எதுவும் தேவையில்லை. குளிர் அதிகமென்றால் அறையைச் சூடாக்குவது பெட்டியைச் சூடாக்குவதைவிடப் பாதுகாப்பு. ஹீட் மேட் எனும் சூடாக்கும் விரிப்பை வைத்தே ஆக வேண்டும் என்றால் பக்கவாட்டில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு. அடியில் வைத்தால் சூடு தாங்காமல் சிலந்தி குளிர்ச்சி தேடிக் கீழே இறங்கும், அங்கே இன்னும் சூடு. மேலிருந்து எரியும் விளக்கு அது குடியிருக்கும் உச்சியையே வறுத்துவிடும். ஜன்னல் வெயிலில் கண்ணாடிப் பெட்டியை வைப்பதும் அதே கதைதான்.

சிலந்தியை விடும் நாள்

பொய்சிலோதீரியா கண்மூடித் திறப்பதற்குள் பெட்டியிலிருந்து தோளுக்கு வந்துவிடும். கடித்தால் உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் நீடித்த சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றன. எனவே மாற்றும் வேலையை ஒரு பெரிய தொட்டிக்குள் வைத்துச் செய்யுங்கள். கையில் ஒரு டம்ளரும் மெல்லிய தூரிகையும் போதும். பின்பக்கம் மெதுவாகத் தொட்டால் முன்னால் நகரும். தோல் உரித்து ஒரு வாரம்கூட ஆகாத சிலந்தியை நகர்த்தக்கூடாது, பல்லும் தோலும் இன்னும் இறுகியிருக்காது. பொய்சிலோதீரியா பேரினம் முழுவதும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 2019 முதல் இருக்கிறது. பிறந்தது வளர்ப்பிடத்தில்தான் என்று காட்டும் காகிதம் இல்லாமல் வாங்க வேண்டாம்.

ஒரு பெட்டிக்கு ஒரு சிலந்தி. ஜோடியாக விட்டால் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும்.

புதுப் பெட்டிக்கு வந்ததும் உடனே இரை போடுவதில் அவசரம் வேண்டாம், ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம். போட்ட இரையை 24 மணி நேரத்தில் தின்னவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். மல்லாந்தபடி அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று பதறாதீர்கள், அது தோல் உரிக்கிற நிலை. அந்த நேரத்தில் உள்ளே திரியும் ஒரு சில்வண்டு மென்மையான உடலைக் கடித்துக் குதறிவிடும்.

நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த பட்டையை விட்டுவிட்டு எதிர் மூலையில், கதவின் கீலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கும். வாரக்கணக்கில்கூட அப்படி இருக்கலாம். இடம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பட்டையை மாற்றி வைப்பது, இலைகளைக் கலைப்பது, வேறு பெட்டி தேடுவது எதுவும் வேண்டாம். ஒவ்வொரு முறை கலைக்கும்போதும் அது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அந்த மூலையிலேயே வலை பின்னிவிட்டால் அதுதான் வீடு, இனி பட்டை வெறும் அலங்காரம். கதவைத் திறக்கும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகத் திறங்கள்.