சோம்பேறி என்று சொல்லும் முன்: பிள்ளைகளின் கற்றலில் நாம் செய்யும் தவறுகள்

கதையை மூச்சுவிடாமல் சொல்லும் பிள்ளை, எழுதச் சொன்னால் இரண்டு வரியில் நின்றுவிடுகிறது. 'வாய் மட்டும் இருக்கு, எழுதத்தான் சோம்பல்' என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளையை அதிகம் காயப்படுத்தும் தவறு இதுதான்.

'கொடி' என்று எழுதுவதையே பாருங்கள். காதில் முதலில் விழுவது 'க்'. கை முதலில் போட வேண்டியதோ ஒற்றைக்கொம்பு. பிறகு க, அதன்பின் கால். ஒலியும் எழுத்தும் வரிசை மாறும் இந்த இடத்தில் டிஸ்லெக்சியா (வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு) உள்ள பிள்ளை 'கெடி' என்றோ 'காடி' என்றோ எழுதலாம். ஐந்தாறு வயதில் எல்லாருமே இப்படித் தடுமாறுவார்கள். எட்டு வயதிலும் தொடர்ந்தால் கண், காது பரிசோதனையோடு கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடும் தேவை. ஐம்பது தடவை இம்போசிஷன் கொடுத்தால் கைதான் வலிக்கும். ஒலியைப் பிரித்துச் சொல்லவைத்து, மணலில் விரலால் எழுதவைத்து, தினமும் கொஞ்சமாகப் பழக்குங்கள். வகுப்பு முன்னால் நிறுத்தி உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள்.

அடுத்தது, நல்லெண்ணத்தில் செய்யும் தவறு: 'இவன் பார்த்துக் கற்பவன், அவள் கேட்டுக் கற்பவள்' என்று பிரிப்பது. இதற்கான ஆய்வுகளை ஹரோல்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008இல் அலசினார்கள். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. எப்படிக் கற்பிப்பது என்பதைப் பாடம்தான் சொல்லும். வரைபடத்தைப் பார்க்க வேண்டும், குறளைச் சொல்லிப் பழக வேண்டும், பின்னத்துக்குக் காகிதத்தை மடிக்க வேண்டும். இது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும்.

நன்றாக வரைகிறாள் என்பதற்காக வாசிப்பைக் கைவிடவும் கூடாது. வாசிப்பு வரவில்லை என்று ஓவிய வகுப்பையும் பி.டி. பீரியடையும் பிடுங்கவும் கூடாது. அந்தப் பிள்ளை தலைநிமிர்ந்து நிற்கும் இடம் அது.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் உண்டு. எங்கிருந்து கற்பிக்கத் தொடங்குவது என்பதை ஆசிரியருக்குக் காட்டவே அவை. 'உன் பொண்ணு இன்னும் அரும்புதானா?' என்று கேட்டு அதை ரேங்க் ஆக்கிவிடாதீர்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்லெக்சியா போன்ற 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு'ம் அடக்கம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்பு அரையாண்டு முடிந்தபின் ஓடாதீர்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் பேசி வேலையைத் தொடங்குங்கள்.