பட்டறையில் உருவான காருக்கு ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் வாங்குவது எப்படி?

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டாவில் எங்கே போனாலும், பழைய அம்பாசிடரையோ ஜீப்பையோ அக்கக்காகப் பிரித்துப் புதுசாக்கும் கைத்திறமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். குழாயை வளைத்துச் சொந்தமாகவே சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) அடித்து, அதில் பழைய மாருதி இன்ஜினை மாட்டிக் கார் செய்ய ஆசைப்படுகிறவர்களும் உண்டு. ஆசை நல்லதுதான். ஆனால் வேலையைத் தொடங்கும் முன்பே பதிவைப் பற்றி யோசித்துவிட வேண்டும்.

புது வண்டியைப் பதிவு செய்ய விண்ணப்பமான படிவம் 20 மட்டும் போதாது. விற்பனைச் சான்றான படிவம் 21-ம், தயாரிப்பாளர் தரும் சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22-ம் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி மாதிரி வண்டி சோதனையில் தேறிய தயாரிப்பாளர்தான் படிவம் 22 தர முடியும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற மையங்களில் இந்தச் சோதனை நடக்கிறது. ஒரே ஒரு காருக்காக அவ்வளவு செலவைத் தனி ஆள் தாங்குவது கஷ்டம். அதனால் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: ரத்தாகாத ஆர்.சி. (பதிவுச் சான்று) உள்ள பழைய வண்டியை வாங்கி, அதற்கு உயிர் கொடுங்கள்.

1. முதலில் நம்பரைப் பாருங்கள்

பணம் கொடுக்கும் முன் சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். நாகை, வேதாரண்யம் பக்கத்து வண்டியென்றால் இன்னும் கவனம் வேண்டும். உப்புக்காற்று சேசிஸை அரித்து, நம்பரே தெரியாமல் போயிருக்கும். காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். எழுத்து தெளிவாக விழவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம். நீங்களாக நம்பர் குத்தினால் திருட்டு வண்டி என்ற சந்தேகம் வரும்.

அப்புறம், மத்திய அரசின் வாகனத் தகவல் இணையதளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பழைய பதிவுகள் சில அதில் ஏறியிருக்காது. அப்படியானால் பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேட்டு, அடமானமோ வரி பாக்கியோ இருக்கிறதா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்கிராப் என்று ரத்து செய்த ஆர்.சி.யை நம்பி வேலையில் இறங்காதீர்கள்.

2. எதை மாற்றலாம்?

டிங்கரிங், பெயிண்டிங், சீட், வயரிங், பிரேக், சஸ்பென்ஷன் இவற்றையெல்லாம் அதே மாடலுக்குரிய பாகங்களைக் கொண்டு சரிசெய்யலாம். நிறம் மாறினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். இன்ஜினையோ எரிபொருளையோ மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அனுமதி முதலில், வேலை பிறகு. சேசிஸை வெட்டுவது, நீட்டுவது கூடவே கூடாது. தயாரிப்பாளரின் அசல் அமைப்புக்கு முரணான மாற்றம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

பெயிண்ட் வேலையை ஐப்பசி, கார்த்திகை மழையில் வைத்துக்கொள்ளாதீர்கள். பெயிண்டுக்கு முன் பூசும் பட்டிக்குள் ஈரம் நின்றால் அடியில் துரு பிடிக்கும்.

3. பெயர் மாற்றம்

வாங்கிய வண்டிக்குப் படிவம் 29, 30. தாத்தாவோ அப்பாவோ விட்டுப்போன வண்டி என்றால் படிவம் 31. அதோடு இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். சம்மதக் கையெழுத்தை வேலை தொடங்குமுன்பே வாங்கிவிடுங்கள். வண்டி பளபளவென்று நின்ற பிறகு பங்காளிகளின் மனம் மாறலாம்.

4. இன்சூரன்ஸ்

சாலைக்கு வர மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022-ல் அறிவித்த கட்டணப்படி, 1000 முதல் 1500 சி.சி. வரையிலான சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. பழைய 1489 சி.சி. அம்பாசிடர் இதில் அடங்கும். சொந்தச் சேதத்துக்கும் காப்பீடு வேண்டுமென்றால் கம்பெனி ஆள் வந்து வண்டியைப் பார்த்துப் படமெடுப்பார். ஐந்து வருடம் தாண்டிய வண்டியின் மதிப்பை இரு தரப்பும் பேசித்தான் முடிவு செய்வார்கள். ஆகவே செலவழித்த பில்களைப் பத்திரமாக வைத்திருந்து காட்டுங்கள். எந்த மாற்றத்தையும் மறைக்காதீர்கள், கிளெய்ம் நேரத்தில் அதுவே காலை வாரிவிடும்.

5. ஆர்.சி. புதுப்பிப்பு

சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதன்பின் படிவம் 25 கொடுத்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 20 வருடம் தாண்டிய காருக்குக் கட்டணம் 10,000 ரூபாய். பசுமை வரியும் தாமதக் கட்டணமும் தனி. காலாவதியான வண்டியை ஆய்வுக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ரெக்கவரி வண்டியில் ஏற்றிப் போங்கள். நம் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்கிற மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக், ஸ்டியரிங், லைட், ஹாரன், டயர், நம்பர் எல்லாவற்றையும் பார்ப்பார். புகைச் சான்றையும் எடுத்துப் போங்கள்.

50 வருடம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிக்கு வின்டேஜ் பதிவும் உண்டு: 20,000 ரூபாய், பத்து வருடம், 'வி.ஏ.' வரிசை எண். ஆனால் அதைத் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி மாதிரியான தேவைகளுக்குத்தான். தினமும் தஞ்சாவூர் போய்வர வண்டி வேண்டும் என்றால் சாதாரணப் புதுப்பிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.