பட்டாணி வேரை அறுத்தால் தெரியும் மரபணு வேலை

பாக்டீரியா தன் மரபணுக்களை எப்போது இயக்கும், எப்போது அடக்கி வைக்கும் என்பதைப் பாடப்புத்தகங்கள் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருந்தால் மட்டும் அதைச் செரிக்கும் மரபணுக்களை இயக்கும் கதையை வைத்தே சொல்லும். 1961-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ழாக்கோபும் மோனோவும் போட்ட அடித்தளம் அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் கண்ணால் பார்க்க முடியாது. நீலகிரியில் கோத்தகிரி, கேத்தி பக்கம் இருப்பவர்களுக்குத் தோட்டத்திலேயே வேறொரு வழி இருக்கிறது. களைக்கொத்து, பிளேடு, வெள்ளைத் தட்டு போதும். லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது.

படி 1: செடியை எடுப்பது

பூத்திருக்கும் பட்டாணிச் செடியாகப் பாருங்கள். காய் முற்றிய செடியில் வேர் முடிச்சுகள் வாடத் தொடங்கியிருக்கும். பிடித்து இழுக்காதீர்கள், முடிச்செல்லாம் மண்ணிலேயே நின்றுவிடும். சுற்றிலும் கொத்தி, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் ஊறவிட்டு மெதுவாக அலசுங்கள்.

படி 2: முடிச்சைத் தேடுவது

வேரில் ஒட்டியிருக்கும் சிறு நீள்வட்டப் புடைப்புகள்தான் முடிச்சுகள். உள்ளே இருப்பது ரைசோபியம் லெகுமினோசாரம் என்ற பாக்டீரியா, காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். பட்டாணி வேர் ஃபிளேவனாய்டு என்ற பொருளைக் கசியவிடும். பாக்டீரியாவின் நாட்-டி புரதம் அதை உணர்ந்ததும் முடிச்சு உண்டாக உதவும் மற்ற நாட் மரபணுக்கள் இயங்கத் தொடங்கும். அவை உண்டாக்கும் சமிக்ஞைப் பொருள் பட்டதும் வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை உள்ளே இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் பட்டாணி வேரே இல்லாத மண்ணில் இந்த மரபணுக்களுக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை.

முடிச்சே காணோமா? நீலகிரி மண் புளிப்பு மண். பாக்டீரியாவுக்கும் அது ஒத்துக்கொள்ளாது, நைட்ரஜனைப் பிடிக்கத் தேவையான மாலிப்டினம் என்ற சத்தும் சரியாகக் கிடைக்காது. புளிப்பைக் குறைக்கும் டோலமைட் கல்தூள் போட்ட பாத்தியில் தேடிப் பாருங்கள்.

படி 3: நீளவாக்கில் அறுப்பது

இந்தப் படிக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். பெரிய முடிச்சு ஒன்றை நுனியிலிருந்து அடிவரை நீளமாக அறுத்துத் தட்டில் வையுங்கள். நுனி வெள்ளையாக இருக்கும், நடுப்பகுதி இளஞ்சிவப்பு. வயதான முடிச்சு என்றால் வேரை ஒட்டிய அடிப்பகுதி பச்சையாகியிருக்கும்.

பட்டாணி முடிச்சு நுனியில் வளர்ந்துகொண்டே போகும். ஆகவே நுனியில் புதியவை, அடியில் பழையவை. நுனியில் செல்கள் பிரிகின்றன. அதை அடுத்த பகுதியில் பாக்டீரியா இப்போதுதான் குடியேறுகிறது. அந்த நிலையில் நைட்ரஜனைப் பிடிக்கும் நிஃப் மரபணுக்கள் இன்னும் இயங்குவதில்லை. சிவப்புப் பகுதியில் அவை முழு வேகத்தில் இயங்குகின்றன. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின், செடி தயாரிப்பது. நம் ரத்தத்தில் இருப்பதற்கு உறவுக்காரப் புரதம். ஆக்சிஜனைப் பிடித்துவைத்துத் தனி ஆக்சிஜனின் அளவை மிகக் குறைவாக வைத்திருக்கும். நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் நைட்ரோஜினேஸ் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும் என்பதால் இந்த ஏற்பாடு.

ஆக்சிஜன் குறைந்தது பாக்டீரியாவுக்கு எப்படித் தெரிகிறது? குதிரைமசால் வேரில் வாழும் சினோரைசோபியம் மெலிலோட்டியில் இதைத் தெளிவாகக் கண்டறிந்திருக்கிறார்கள். ஃபிக்ஸ்-எல் என்ற புரதம் ஆக்சிஜன் குறைந்ததை உணர்ந்து ஃபிக்ஸ்-ஜே என்ற இன்னொரு புரதத்துக்குப் பாஸ்பேட்டைக் கொடுக்கும். அது நிஃப்-ஏ மரபணுவை எழுப்பும். நிஃப்-ஏ புரதம் நைட்ரோஜினேஸ் மரபணுக்களை எழுப்பும். நிஃப்-எச், டி, கே என்ற அந்த மூன்று மரபணுக்களும் டிஎன்ஏ-வில் அடுத்தடுத்து அமர்ந்து ஒரே ஆர்என்ஏ நகலாகப் படிக்கப்படுகின்றன. ஆப்பரான் என்பது இதுதான். இத்தனை காவல் ஏன் என்றால், ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்குக் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி குறைந்தது 16 செலவாகும்.

பச்சையான அடிப்பகுதியில் லெக்ஹீமோகுளோபின் சிதைந்துவிட்டது, வேலையும் முடிந்துவிட்டது.

படி 4: இரண்டு தொட்டி

இரண்டு தொட்டியிலும் ஒரே மண்ணைப் போடுங்கள். சாயம் பூசிய விதை வேண்டாம், அந்தப் பூஞ்சைக்கொல்லி ரைசோபியத்தையும் கொல்லக்கூடும். ரைசோபியம் உயிர் உரத்தை ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் தடவி, நிழலில் உலர்த்தி ஊன்றுங்கள். ஒரு தொட்டிக்கு மட்டும் வாரம் ஒருமுறை, லிட்டருக்கு 1 கிராம் யூரியா கலந்த தண்ணீர். பூத்ததும் இரண்டையும் அலசி முடிச்சுகளை எண்ணுங்கள். யூரியாத் தொட்டியில் குறைவாக இருக்க வேண்டும். நைட்ரஜன் கையில் இருக்கும்போது செடிதான் முடிச்சைக் குறைத்துக்கொள்கிறது. இதைப் பாக்டீரியாவின் கணக்கில் எழுதிவிட வேண்டாம், பலர் எழுதுகிறார்கள்.

படி 5: குளோவரையும் தோண்டுவது

ஊட்டியில் புல்வெளி ஓரமெல்லாம் வெள்ளைக் குளோவர் படர்ந்திருக்கும். அதன் முடிச்சில் இருப்பதும் பெரும்பாலும் அதே ரைசோபியம் லெகுமினோசாரம் கூட்டம்தான். பட்டாணி வேரில் முடிச்சு போடுவதா, குளோவர் வேரிலா என்று தீர்மானிக்கும் மரபணுக்கள் குரோமோசோமில் இல்லை, பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் இருக்கின்றன. பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அதை இழந்த பாக்டீரியாவும் மண்ணில் சாதாரணமாகப் பிழைத்துக்கிடக்கும்.

தாவுவதற்குப் பிளாஸ்மிட்தான் வேண்டும் என்றும் இல்லை. நியூசிலாந்தில் லோட்டஸ் என்ற தீவனச் செடிக்காக (தாமரை அல்ல) மீசோரைசோபியம் லோட்டி என்ற பாக்டீரியாவின் வகை ஒன்றை நிலத்தில் இட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து முடிச்சுகளைத் திறந்தால், உள்ளே வேறு வேறு உள்ளூர் பாக்டீரியாக்கள் இருந்தன. இட்ட பாக்டீரியாவிலிருந்து சுமார் 5 லட்சம் எழுத்து நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டு அவற்றின் குரோமோசோமுக்குள் புகுந்திருந்ததை சல்லிவனும் ரான்சனும் 1998-ல் காட்டினார்கள். தாயிடமிருந்து மகளுக்கு என்று மட்டும் பரிணாமத்தை நினைத்திருந்தால் இங்கே கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

நீலகிரியில் சீகை என்று சொல்லும் வாட்டில் மரமும் முடிச்சு போடும் இனம்தான். அதன் நாற்றைத் தோண்ட ஆசை வந்தால் சொந்த நிலத்தில் முளைத்ததாகப் பாருங்கள். காப்புக்காட்டுக்குள் கொத்தோடு போகாதீர்கள்.