இணையவழி வகுப்பில் கேள்வி கேட்பது எப்படி

இணையவழிக் கற்பித்தல் பற்றிய பயிற்சிப் பட்டறை என்றாலே கருவிகளின் அணிவகுப்புதான். வாக்கெடுப்பு நடத்த ஒரு செயலி, எல்லோரும் சேர்ந்து எழுத ஒரு வெண்பலகை, வினாடி வினாவுக்கு நான்கைந்து தளங்கள். எல்லாவற்றிலும் கணக்கு தொடங்கி, கடவுச்சொல்லையும் மறந்த பிறகு, ஆசிரியர் பழையபடி ஸ்லைடுகளை வாசித்துக்கொண்டிருப்பார். மாணவர்கள் மைக்கை அணைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் இணையத்தில் கணிதம் கற்பிக்கிறேன். வகுப்புக்குத் தயாராகும்போது கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு வெற்றுத் தாளை எடுத்துக்கொள்வேன். இன்று கேட்கப்போகும் மூன்று நான்கு கேள்விகள் என்னென்ன? அவற்றை எழுதி முடித்த பிறகுதான் எந்தக் கருவி என்ற பேச்சே. ரிச்சர்ட் கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர் 1983லேயே இதைக் கறாராக வாதிட்டார்: கற்றலை மாற்றுவது பாடம் வந்து சேரும் ஊடகம் அல்ல, கற்பிக்கும் முறை. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் நியாயம் அவர் பக்கம்தான் அதிகம் என்பது என் கட்சி.

2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் 33.8 சதவீதம் பேர் தேர்ச்சி பெறவில்லை. மாணவர்களை யோசிக்கவும் பேசவும் வைத்த வகுப்புகளில் அது 21.8 சதவீதம். இவை பெரும்பாலும் நேரில் நடந்த கல்லூரி வகுப்புகள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். என்றாலும், சும்மா உட்கார்ந்திருப்பது வகுப்பறையைவிடத் திரைக்கு முன்னால்தான் எளிது. அதனால் இணையத்தில் கேள்விகளின் தேவை கூடுமே தவிரக் குறையாது.

தவறான விடைகளிலிருந்து தொடங்குங்கள்

வாக்கெடுப்புக் கேள்வி எழுதும் பலர் சரியான விடையை எழுதிவிட்டு, வாய்க்கு வந்த மூன்று எண்களைத் துணைக்கு நிறுத்திவிடுகிறார்கள். இப்படிக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியவில்லை என்பது மட்டும்தான் தெரியவரும். ஏன் தெரியவில்லை என்பது தெரியாது. ஒவ்வொரு தவறான விடைக்குப் பின்னாலும் ஒரு குறிப்பிட்ட தவறான எண்ணம் இருக்க வேண்டும்.

நான் அடிக்கடி கேட்கும் ஒன்றைப் பாருங்கள். 0.3, 0.45, 0.125 ஆகிய மூன்றில் எது பெரியது? சரியான விடை 0.45. புள்ளிக்குப் பின்னால் வருவதை முழு எண்ணாகப் படிக்கும் மாணவருக்கு நூற்று இருபத்தைந்துதான் பெரியது, ஆகவே 0.125ஐத் தேர்ந்தெடுப்பார். இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். புள்ளிக்குப் பின் இலக்கங்கள் கூடக்கூட எண் சிறிதாகிக்கொண்டே போகும் என்று அவர்களாக ஒரு விதி வைத்திருப்பார்கள். அவர்கள் 0.3ஐத் தேர்ந்தெடுப்பார்கள். வாக்கெடுப்பு முடிந்த நொடியில் வகுப்பு மூன்றாகப் பிரிந்து திரையில் நிற்கும், எந்தக் குழுவுக்கு எதை விளக்க வேண்டும் என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

இதே கேள்வியில் 0.3க்குப் பதில் 0.6 என்று போட்டால் கேள்வி செத்துவிடும். இரண்டாவது வகையினர் தவறான விதியை வைத்துக்கொண்டே சரியான விடைக்கு வந்துவிடுவார்கள். நீங்களும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவீர்கள். எனவே கேள்வியை அனுப்பும் முன் நீங்களே ஒவ்வொரு தவறான எண்ணத்தோடும் அதைப் போட்டுப் பாருங்கள். தவறான வழியில் சரியான விடை கிடைக்கிறது என்றால் எண்களை மாற்றுங்கள்.

தவறான எண்ணங்களை எங்கே பிடிப்பது? பழைய விடைத்தாள்களில். ஒரே தவறு இரண்டு மூன்று தாள்களில் தென்பட்டால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டாலும் பட்டியல் தரும், ஆனால் மாணவர்கள் உண்மையில் செய்யும் தவறுக்கும் அது கற்பனை செய்யும் தவறுக்கும் இடைவெளி அதிகம். விடைத்தாள்தான் சுரங்கம்.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள்

“புரிந்ததா?” என்பதைக் கேள்விக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு வரும் பதில் மௌனம் அல்லது கட்டைவிரல் படம், இரண்டாலும் ஒரு பயனும் இல்லை.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு 1970களில் எழுதியது இன்றும் பொருந்துகிறது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியோ அதற்கு மேலோ நீட்டித்தபோது விடைகள் நீண்டன, பதிலே வராத தருணங்கள் குறைந்தன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். இணையத்தில் மூன்று வினாடி போதாது. ஒலி போய்ச் சேர நேரம் எடுக்கும், மைக்கைத் திறக்க நேரம் எடுக்கும், தட்டச்சு செய்ய இன்னும் அதிக நேரம். நான் வாயைத் திறக்காமலிருக்கத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடிப்பேன். திரையில் ஓடும் ஒரு கடிகாரத்தைக் காட்டினாலும் சரி, மௌனத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும், யாருக்கும் சங்கடமாக இருக்காது.

தனிக் கருவி எதுவும் வேண்டாத ஒரு வழி உண்டு. எல்லோரும் விடையை அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்யட்டும், ஆனால் அனுப்பக் கூடாது. நீங்கள் “அனுப்புங்கள்” என்று சொன்னதும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். விடைகள் மொத்தமாக வந்து விழும், முந்திக்கொண்ட ஒருவரைப் பார்த்து மற்றவர்கள் எழுத வழியில்லை. இணைப்பு மோசமாக இருந்தாலும் எழுத்து பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும். பணம் கட்டி வாங்கும் பல வாக்கெடுப்புச் செயலிகளை இதற்குப் பிறகு நான் தொடவில்லை.

கேமராவைக் கட்டாயம் திறக்கச் சொல்ல வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வில், கேமராவைத் திறக்காததற்கு மாணவர்கள் சொன்ன முக்கியக் காரணங்கள் தங்கள் தோற்றம் பற்றிய தயக்கம், பின்னணியில் தெரியும் வீடும் மனிதர்களும், பலவீனமான இணைய இணைப்பு. முகம் தெரிந்தால் கவனிக்கிறார் என்று அர்த்தமில்லை. விடை வருகிறதா என்று பாருங்கள், போதும்.

இரண்டு முறை வாக்களிக்க வையுங்கள்

ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மாஸூர் 1991இல் தொடங்கிய முறை இது. சகமாணவர் வழிக் கற்பித்தல் என்று சொல்லலாம். கேள்வி கேளுங்கள், தனித்தனியாக வாக்களிக்கட்டும். முடிவை உடனே காட்டாதீர்கள், ஏனென்றால் அதிக வாக்கு பெற்ற விடையின் பக்கம் எல்லோரும் சாய்ந்துவிடுவார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே சரியாகச் சொல்லியிருந்தால் விவாதம் வீண், நீங்களே மறுபடி விளக்குங்கள். முக்கால்வாசிப் பேர் சரி என்றால் சுருக்கமாகக் காரணம் சொல்லிக் கடந்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் மாணவர்களை இரண்டு மூன்று பேராக, காணொளிச் சந்திப்புக்குள்ளேயே தனியாகப் பிரியும் சிறு அறைகளுக்கு (பிரேக்அவுட் ரூம்) அனுப்பி, தங்கள் விடைக்கான காரணத்தை ஒருவருக்கொருவர் சொல்லச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் அதே கேள்விக்கு இரண்டாவது வாக்கு.

“கெட்டிக்காரர் சொல்வதை மற்றவர்கள் காப்பி அடிப்பார்கள், அவ்வளவுதானே?” என்பது நியாயமான சந்தேகம். 2009இல் மிஷல் ஸ்மித் குழுவினர் மரபியல் வகுப்பு ஒன்றில் இதைச் சோதித்தார்கள். விவாதத்துக்குப் பிறகு, அதே கருத்தை வேறு உருவில் சோதிக்கும் இன்னொரு கேள்வியைத் தனியாகச் செய்ய வைத்தார்கள். தொடக்கத்தில் ஒருவருக்குக்கூட விடை தெரியாத குழுக்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. காரணம் சொல்ல முயல்வதே வேலை செய்கிறது.

சிறு அறைகளில் பொதுவாக நடப்பது என்ன? மூன்று பேரும் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். இதற்கு நான் கடைப்பிடிக்கும் ஏற்பாடு: கேள்வியையும், யார் முதலில் பேச வேண்டும் என்பதையும் அறைக்கு அனுப்பும் முன்பே அரட்டைப் பெட்டியில் எழுதிவிடுவேன். பெயர் அகர வரிசையில் முதலில் வருபவர் தொடங்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் கிடையாது. பத்து நிமிடம் கொடுத்தால் எட்டு நிமிடம் வீண். உள்ளே போனதும் கேள்வி என்னவென்று மறந்துவிடுவார்கள் என்பதால், எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு பகிர்ந்த ஆவணத்திலும் அதை வைத்துவிடுங்கள்.

காணொளிக்குள்ளும் கேள்வி

2014இல் ஃபிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தின் நான்கு படிப்புகளில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்தார்கள். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. இதை வைத்து “ஆறு நிமிடம்தான் மனிதக் கவனத்தின் எல்லை” என்று சொல்லிக்கொண்டு திரிபவர்கள் இருக்கிறார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அளந்தது பார்த்த நேரத்தைத்தான், கற்றதை அல்ல. அதுவும் விருப்பப்பட்டுச் சேர்ந்து, எப்போது வேண்டுமானாலும் விட்டுப் போகக்கூடியவர்களிடம்.

எனக்குப் பயன்பட்டது வேறோர் ஆய்வு. 2013இல் கார்ல் ஸ்புனர் குழுவினர் புள்ளியியல் விரிவுரை ஒன்றின் காணொளியை, சுமார் 21 நிமிடம் ஓடுவதை, நான்கு பகுதியாக வெட்டினார்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சிறு தேர்வு எழுதியவர்களுக்கு மனம் அலைவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. குறிப்பெடுப்பது கூடியது, இறுதித் தேர்விலும் நன்றாகச் செய்தார்கள். காணொளியைக் குறுக்குவதில் செலவழிக்கும் நேரத்தை அதற்குள் கேள்வி வைப்பதில் செலவழியுங்கள். ஹெச்5பி என்ற இலவசக் கருவியால் ஓடும் காணொளியை நிறுத்திக் கேள்வி காட்ட முடியும், பாடங்களை நிர்வகிக்கும் மூடுல் தளத்தோடும் இணையும். அது கைவசம் இல்லையென்றால், காணொளியிலேயே “இங்கே நிறுத்தி விடையை எழுதுங்கள்” என்று சொல்லிவிட்டு, கூகுள் படிவத்தின் இணைப்பைக் கீழே கொடுங்கள். ஒலி தெளிவாக இருக்கட்டும். படம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், ஒலி கரகரத்தால் போய்விடுவார்கள்.

நினைவிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்

அடுத்த வகுப்பைச் சென்ற பாடத்தின் சுருக்கத்தோடு தொடங்காதீர்கள். சுருக்கத்தை அவர்கள் சொல்லட்டும். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில் ஒரு குழு ஒரு பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று தடவை நினைவுகூர்ந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுவே முன்னணி. ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழ்: படித்த குழுவுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்த குழுவுக்கு 61 சதவீதம்.

என் வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் மூன்று கேள்விகளுக்கு: ஒன்று சென்ற வகுப்பிலிருந்து, ஒன்று சென்ற வாரத்திலிருந்து, ஒன்று சென்ற மாதத்திலிருந்து. மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் வைத்தால் இன்னொரு சாளரத்தைத் திறந்து தேடுவார்கள், அதைத் தடுக்க நீங்கள் கண்காணிப்பு மென்பொருளைத் தேடுவீர்கள், நோக்கம் எங்கோ போய்விடும்.

செயற்கை நுண்ணறிவை எங்கே நிறுத்துவது

துருக்கியின் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களைக் கொண்டு நடந்த கணித ஆய்வு 2025இல் வெளிவந்தது. கேட்டதற்கு நேராக விடை சொல்லும் உரையாடல் செயலியோடு பயிற்சி செய்தவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். செயலியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அது இல்லாமலேயே படித்தவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகளோடு, விடையைச் சொல்லாமல் வழி மட்டும் காட்டுமாறு அமைத்த செயலியைப் பயன்படுத்தியவர்களிடம் இந்தப் பாதிப்பு பெரும்பாலும் இல்லை.

ஆகவே தடை போடுவதில் நேரத்தைக் கழிக்காமல் நான் மாணவர்களிடம் ஓர் உத்தரவு வாசகத்தைக் கொடுத்துவிடுகிறேன், செயலியில் அப்படியே ஒட்டிக்கொள்ளலாம்: “நான் தசம எண்களைக் கற்கும் மாணவர். விடையைச் சொல்லாதே. நான் எழுதும் ஒவ்வொரு படியையும் சரிபார்த்து, தவறு இருந்தால் எந்தப் படி என்று மட்டும் சொல். பிறகு ஒரே ஒரு கேள்வி கேள்.” சிலர் இதை நீக்கிவிட்டு விடையைக் கேட்பார்கள்தான். வகுப்பின் தொடக்கத்தில் கேட்கும் அந்த மூன்று கேள்விகளில் அது வெளிப்பட்டுவிடும்.

வரப்போகும் புகார்

இப்படி நடத்தத் தொடங்கினால், “நீங்கள் சொல்லிக்கொடுங்கள், நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்” என்று மாணவர்கள் முறையிடுவார்கள். 2019இல் லூயி டெஸ்லோரியே குழுவினர் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் இதை நேரடியாகவே அளந்தார்கள். செயல்பட வைத்த வகுப்பில் இருந்தவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரை கேட்டவர்களிடம் இதற்கு நேர்மாறு. மூளைக்கு வேலை வைத்தால் சிரமமாகத்தான் இருக்கும், அந்தச் சிரமத்தை அவர்கள் புரியாமை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

எனவே இந்த ஆய்வை முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். இரண்டாவது வாரத்தில் அவர்களுடைய முதல் வாக்கையும் இரண்டாவது வாக்கையும் அருகருகே திரையில் காட்டுங்கள். ஹார்வர்டு மாணவர்களின் எண்ணிக்கையைவிடத் தங்கள் சொந்த எண்ணிக்கையைத்தான் நம்புவார்கள். என் வகுப்பில் அதற்குப் பிறகு முறையீடு குறைந்துவிடுகிறது. முழுவதும் நிற்பதில்லை, பெற்றோரிடமிருந்து வருவது சற்றுக் கூடவே செய்கிறது. அவர்களுக்கும் அந்த இரண்டு வாக்குகளை அனுப்பிவைக்கிறேன்.