தோப்பு மோட்டாருக்கு லோரா சுவிட்ச்: பாக்கெட்டைச் சின்னதா வைங்க

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில் கிணறு ஒரு மூலை, சாளை (தோட்டத்து வீடு) இன்னொரு மூலை. செல்போன் டவர் எடுக்காத இடத்தில் மோட்டாரைப் போட்டு நிறுத்த கிணற்றில் ஒன்று, சாளையில் ஒன்று என்று இரண்டு லோரா மாட்யூல் (சின்னச் செய்தியை ரொம்ப தூரம் அனுப்பும் ரேடியோ) போதும். 865–867 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலாக வாங்குங்க. வரம்புக்குட்பட்ட பவரில் அந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆன்டெனா மாட்டாமல் அனுப்பிப் பார்க்காதீங்க, மாட்யூல் போயிடும்.

தூரம் போகட்டும் என்று ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை (செய்தியை எவ்வளவு நீட்டி, மெதுவாக அனுப்புவது என்கிற அளவு) 12-ல் வைப்பதுதான் முதல் தப்பு. 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 8 பைட் பாக்கெட் (ஒரு தடவை அனுப்பும் செய்தி) போய்ச்சேர 12-ல் கிட்டத்தட்ட 1 விநாடி, 9-ல் 124 மில்லிவிநாடி, 7-ல் 36. காற்றில் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவுக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பாக்கெட்டோடு மோதும். 9-ல் ஆரம்பிங்க.

அந்த 8 பைட்: தோட்ட அடையாளம் 2, அனுப்புவது 1, பெறுவது 1, வரிசை எண் 1, கட்டளை 1, வோல்டேஜ் 2. வந்த செய்தி கெட்டுப்போயிருக்கா என்று பார்க்கும் மாட்யூலின் சி.ஆர்.சி. சோதனையை ஆன் செய்யுங்க.

கட்டளை "ஓடு", "நில்" என்றே இருக்கணும், "மாற்று" கூடாது. கட்டளை போய் மோட்டார் ஓடியபின் பதில் மட்டும் தொலைந்தால், சாளையிலிருந்து அதே பாக்கெட் மறுபடி வரும். "மாற்று" என்றிருந்தால் ஓடுகிற மோட்டார் நின்றுவிடும். வரிசை எண் பழையதாக இருந்தால் பதில் மட்டும் அனுப்பிவிட்டு மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ரிலே சுவிட்சைத் தொடாமல் விடணும்.

அனுப்பி முடித்தபின் 200 மில்லிவிநாடி காத்திருங்க. பதில் இல்லையென்றால் 50 முதல் 250-க்குள் ஏதோவொரு இடைவெளி விட்டு மறுபடி. மொத்தம் மூன்று தடவை. இடைவெளி ஒவ்வொரு தடவையும் மாறணும், இல்லாவிட்டால் ஒருமுறை மோதிய இரண்டு பேரும் திரும்பவும் மோதுவாங்க. பத்துக்கு ஒன்று தொலைகிற இடத்தில் மூன்றும் தொலைவது ஆயிரத்துக்கு ஒன்றுதான். ஆனால் அது ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகத் தவறும்போது பொருந்தும் கணக்கு. நனைந்த மட்டை மறைத்தால் மூன்றும் சேர்ந்தே போகும். அப்போது ஆன்டெனாவை 17 சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்க. இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டிக்கு வெளியே, பி.வி.சி. பைப்பில், மட்டைக்குக் கீழே மரத்தண்டு மட்டத்தில் நிறுத்துங்க.

ஸ்டார்ட்டரில் இருக்கும் கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் பெரிய சுவிட்ச்) விடும்போது வருகிற பொறியில், மாட்யூலையும் ரிலேயையும் இயக்கும் போர்டு ரீசெட் ஆகும். கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே ஸ்னப்பர் (பொறியை அடக்கும் ரெசிஸ்டர்-கப்பாசிட்டர் ஜோடி), மாட்யூலின் 3.3 வோல்ட் காலருகே 100 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் போடுங்க. ஸ்டாப் பட்டனோடு தொடராக வருகிற ரிலே, மோட்டார் ஓடும்போது மட்டும் மூடியிருக்கட்டும். போர்டு செத்தாலும் மோட்டார் நிற்கும். சாளை 20 விநாடிக்கு ஒருமுறை "ஓடு" அனுப்பட்டும். 90 விநாடி எதுவும் வராவிட்டால் ரிலே விடணும். ஸ்டார்ட்டர் வயரிங்கை மெயினை இறக்கியபின் வயர்மேனே தொடட்டும்.

மழை விட்ட சாயங்காலம் 500 பாக்கெட் அனுப்பி, எத்தனை மூன்றாவது தடவையில் போனது என்று எண்ணுங்க. அதிகமாக இருந்தால் முதலில் ஆன்டெனா இடத்தை மாற்றுங்க, அப்புறம்தான் ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை 10 ஆக்கணும், கூடவே பதிலுக்குக் காத்திருக்கும் 200 மில்லிவிநாடியையும் கூட்டணும்.