பார்னபஸ் காலின்ஸ் கதையைப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டான் கர்ட்டிஸ் உருவாக்கிய 'டார்க் ஷாடோஸ்', அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1966 ஜூன் முதல் 1971 ஏப்ரல் வரை வார நாட்களில் பகல் நேரத்தில் ஒளிபரப்பான நெடுந்தொடர். அதன் ரத்தக்காட்டேரி பார்னபஸ் காலின்ஸுக்காகவே இன்றும் பலர் அதைத் தேடிப் பார்க்கிறார்கள். பாதியில் விட்டுவிடுபவர்களும் நிறைய. முழுக்கதையையும் முன்பே தீட்டிவைத்து எடுத்த தொடர் என்று நினைத்துக்கொள்வதுதான் காரணம். வாரத்துக்கு ஐந்து எபிசோடு எடுத்தாக வேண்டிய நெருக்கடியில், எழுதுபவர்களே போகப் போகக் கண்டுபிடித்த கதை இது. ஒளிபரப்பான வரிசையில் பார்த்தால்தான் அந்தக் கண்டுபிடிப்பு நமக்கும் கிடைக்கும்.

அதனால் ஆண்டுவரிசைப்படி, பார்னபஸின் கடந்தகாலத்தைச் சொல்லும் 1795 கதையை (எபிசோடு 366 முதல் 461 வரை) முதலில் பார்க்கவே கூடாது. பார்னபஸுக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாமல் பல மாதங்கள் அவனைக் கண்டு அஞ்ச வேண்டும். சிறுமி சாராவின் ஆவி பாடிக்கொண்டே ஏன் வருகிறாள் என்று குழம்ப வேண்டும். பிறகு 365-இல் நடக்கும் ஆவி அழைப்புக் கூட்டத்திலிருந்து, காலின்ஸ் வீட்டுச் சிறுவனுக்குப் பாடம் சொல்லித்தரும் விக்டோரியா 1795-க்குத் தூக்கியெறியப்படுகிறாள். அங்கே சூனியக்காரி ஏஞ்சலிக்கின் சாபம், பார்னபஸின் காதலி ஜோசெட் மலைமுகட்டிலிருந்து குதிப்பது, மகனை அழிக்க மனம் வராமல் தந்தை ஜோஷுவா சவப்பெட்டியைச் சங்கிலியால் கட்டவைப்பது என்று ஒவ்வொன்றாக விடை வருகிறது. கேள்வியே எழாதவருக்கு இந்த விடைகள் வெறும் தகவல்கள்தான். இன்னொரு சிக்கலும் உண்டு: நிகழ்காலத்து நடிகர்களே 1795-இல் வேறு வேடங்களில் வருகிறார்கள். நிகழ்காலத்தில் உணவகப் பணிப்பெண் மேகியாக வந்த கேத்ரின் லீ ஸ்காட்தான் ஜோசெட். தன்னை ஜோசெட்டாக மாறச் சொல்லி பார்னபஸ் அடைத்துவைத்த மேகியை முன்பே பார்த்திருந்தால்தான் அந்த முகம் நெஞ்சில் தைக்கும்.

எங்கே தொடங்குவது? பெரும்பாலானவர்கள் நேரே எபிசோடு 211-க்குப் போய்விடுகிறார்கள், பார்னபஸ் வாசலில் வந்து நிற்பது அதில்தான் என்பதால். 1967 ஏப்ரல் 17 அன்று வந்த 210-ஐத் தவறவிடாதீர்கள். நகைக்கு ஆசைப்பட்டு வில்லி லூமிஸ் சவப்பெட்டியைத் திறக்கும் எபிசோடு அதுதான். அதற்கும் பத்துப் பன்னிரண்டு எபிசோடு முன்பிருந்தே தொடங்கினால், வில்லியின் கூட்டாளி ஜேசன் மக்குவயர் மிரட்டிப் பணம் பறிக்கும் கதையும், வில்லி எப்படிப்பட்ட முரடன் என்பதும் பிடிபடும். அது தெரிந்தால்தான், பின்னால் அவன் பார்னபஸ் முன் நடுங்குவதன் அளவு புரியும். அமானுஷ்யமே பார்னபஸோடுதான் தொடங்குகிறது என்ற நினைப்பும் தவறு. எபிசோடு 70-இலேயே ஜோசெட்டின் ஆவி தன் ஓவியத்திலிருந்து இறங்கி வருகிறது. அடுத்து, நெருப்பில் எரிந்து மறுபடி பிறக்கும் லாரா வருகிறாள்.

பார்னபஸை முதல் நாளிலிருந்தே சோகக் காதலனாகப் பார்க்காதீர்கள். 1967-இன் பார்னபஸ் கைத்தடியால் வில்லியை அடிப்பவன், கொலைகாரன். குறுகிய காலத்துக்கென்று கொண்டுவந்த பாத்திரம் ஜோனதன் ஃப்ரிட்டின் நடிப்பால் ரசிகர்களைப் பிடித்துக்கொள்ள, அவனை நீடிக்கவைத்தார்கள். அவனுக்கு மனசாட்சியும் மெல்ல வளர்ந்தது. டாக்டர் ஜூலியா ஹாஃப்மன் அவனைக் குணப்படுத்த முயல்வதில்தான் அந்த மாற்றம் தொடங்குகிறது. தொடரின் ஆகச் சிறந்த பகுதி அதுவே.

கதைக்குள் ஆண்டுகள் முரண்படும். முதலில் ஜோசெட்டின் காலம் 1830-கள் என்பார்கள், பிறகு 1795 ஆகிவிடும். பிந்தியதை எடுத்துக்கொண்டு நகருங்கள். அதேபோல் எண்கள் நடுவில் தாவினால் எபிசோடு தொலைந்துவிட்டது என்று தேட வேண்டாம். ஒளிபரப்பு ரத்தான நாட்களுக்கு எண்ணைத் தாண்டிவிட்டார்கள். கடைசி எண் 1245, எடுத்தவை 1225. உண்மையில் தொலைந்தது 1219 ஒன்றுதான். 294 வரை கறுப்பு வெள்ளை. அதற்குப் பின்னும் சில அப்படியே இருப்பதற்குக் காரணம், வண்ண நாடா அழிந்து ஃபிலிம் பிரதி மட்டும் எஞ்சியதே. உங்கள் பிரதியில் கோளாறில்லை.

ஒரே மூச்சில் பார்ப்பதும் சலிப்பைத் தரும். நேற்று தவறவிட்டவருக்காக, நடந்ததையே பாத்திரங்கள் திரும்பப் பேசும். ஒரு எபிசோடு ஏறக்குறைய 22 நிமிடம். நாளுக்கு இரண்டு, மூன்று போதும். 461 முடிந்ததும் ஓநாய்மனிதன் குவென்டினுக்காக 701-க்குத் தாவிவிடாதீர்கள்: நடுவில்தான் ஏஞ்சலிக் கசாண்ட்ரா என்ற பெயரில், நிகழ்காலத்துக் காலின்ஸ் குடும்பத்து ரோஜரின் மனைவியாக, அவர்களுடைய காலின்வுட் மாளிகைக்குள் நுழைகிறாள்.